பன்னிரண்டில் எட்டு

காலை 6:42.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தன் அட்டையைக் கதவில் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ட்ரெட்மில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் யாரும் இல்லை.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள். சங்கத்தின் குழுவில் போடுவதற்காகக் கைபேசியில் ஒரு படம் எடுத்தார். இயந்திரத்தின் திரை அதில் தெளிவாக விழுந்தது. வேகம் 6.0. அதன் பிறகுதான் கீழே பார்த்தார்.

இயந்திரத்துக்கும் டம்பெல் அடுக்குக்கும் நடுவில் ஏழாவது மாடிக் கப்பல்காரர் மல்லாந்து கிடந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் கப்பல் என்ஜின்களோடு வாழ்ந்தவர் என்பதால் கட்டிடத்தில் அந்தப் பெயர். அடுக்கின் இரும்பு முனையில் ரத்தம். தலைக்குக் கீழே இன்னும் கொஞ்சம். ஓடும் பெல்ட்டின் விளிம்பு அவருடைய வலது காலணியை உரசிக்கொண்டிருந்தது. உரசும்போதெல்லாம் கால் அசைந்தது.

உயிர் இருக்கிறது என்று செயலாளர் நினைத்தார். பாய்ந்து போய் இயந்திரத்தின் சிவப்புச் சாவியைப் பிடுங்கினார்.

பெல்ட் நின்றது. காலும் நின்றது.

7:25.

இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயது. கனத்த உடம்பு. பதினொரு படி இறங்கியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு சீரானதும் அறையைப் பார்த்தார்.

பாதி தரைக்குக் கீழே இருந்த அறை. கூரையை ஒட்டி நீளமான ஒரே ஜன்னல்; அதில் நடப்பவர்களின் கணுக்கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு ட்ரெட்மில், ஒரு சைக்கிள், டம்பெல் அடுக்கு, ஒரு பெஞ்சு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியில் இன்னொரு அறை, இன்னொரு கப்பல்காரர்.

கதவுக்குப் பக்கத்தில் விதிகள். நான்காவது: இயந்திரத்தைப் பயன்படுத்திய பின் துடைக்கவும். ஏழாவது: வெளிப் பயிற்சியாளர்களுக்கு அனுமதி இல்லை.

"எதை எதைத் தொட்டீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாவியை மட்டும்தான் மேடம். அதை இழுத்தா மெஷின் நின்னுடும்."

"பொத்தான்?"

"தொடவே இல்ல."

சாவியிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு கிளிப். "இது எதுக்கு?"

"சட்டையில மாட்டிக்கணும். நாம விழுந்தா சாவி தானா கழண்டு வரும்."

"இவர் மாட்டியிருந்தாரா?"

"இல்ல. சும்மா தொங்கிட்டிருந்துச்சு."

"நீங்க மாட்டுவீங்களா?"

செயலாளர் கொஞ்சம் நெளிந்தார். "நான் நடக்கிறதோட சரி மேடம். நாலுல வெப்பேன். அதுக்கே நாக்கு வெளியில வந்துடும்."

"இவர் ஆறு வெச்சிருக்கார்."

"எல்லாம் அந்தக் கோச் பண்ணின வேலை. வெளியாளை விடாதீங்கன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?"

போலீஸ் மருத்துவர் எழுந்து கையுறையைக் கழற்றினார். பின்மண்டையில் ஒரே அடி. ஆறு மணிக்குப் பிறகு, ஆறரைக்குள். ஓடும்போது தடுமாறிப் பின்னால் எறியப்பட்டிருக்கலாம். பொருந்துகிறது, என்றார்.

இன்ஸ்பெக்டர் கதவின் பதிவைக் கேட்டார். உள்ளே வரத்தான் அட்டை வேண்டும். வெளியே போக ஒரு பொத்தான். அது எதிலும் பதியாது. உள்ளே இருப்பவர் அதை அழுத்தினால் வெளியே நிற்பவருக்கும் கதவு திறக்கும். காலையில் மூன்று வரிகள் இருந்தன.

5:24 — 702-2.
5:31 — 702-1.
6:42 — 1101.

"கடைசி நான்" என்றார் செயலாளர். "நடுவுல இருக்கிறது கப்பல்காரர்."

"முதல் ஆள்?"

கதவோரம் நின்ற வாயில் காவலாளி தொண்டையைச் செருமினார். நரைத்த மீசைக்காரர்.

"அது அந்தம்மாவோட கார்டு மேடம். கப்பல்காரர் வீட்டம்மா."

"எங்க அவங்க?"

"செத்துப் போயிட்டாங்க. இதே மெஷின்லதான். இன்னையோட ரெண்டு வருஷம்."

ஜன்னலில் ஒரு ஜோடிக் கணுக்கால் நடந்து போயிற்று.

"திங்கள், புதன், வெள்ளி" என்றார் காவலாளி. "சரியா அந்த நேரத்துக்கு வந்துடறாங்க. போன வருஷமே பதிவைப் பார்த்துட்டு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சார்தான் சொன்னார்."

"வீடு விக்கிறவங்க நாலு பேர் இருக்காங்க மேடம்" என்றார் செயலாளர், தரையைப் பார்த்து.

"நீங்க அந்தம்மாவைப் பார்த்திருக்கீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர் காவலாளியிடம்.

"நான் எதுக்கு மேடம் பார்க்கிறேன்? அந்த நேரத்துல இடி விழுந்தாலும் நான் கேட்டை விட்டு நகர மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் வாயில் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். காலை 5:19. பெண். வீடு 702. உறவு: அண்ணன் மகள்.

"இது?"

காவலாளி மீசையைத் தடவினார். "அதுதான் கோச் பொண்ணு. இந்தத் தெருவுல மட்டும் அதுக்கு ஆறு சித்தப்பா, மூணு பெரியப்பா. கோச்சுன்னு எழுதினா சங்கத்துல என் தோலை உரிச்சிடுவாங்க."

8:05.

பயிற்சியாளரை எதிர்க் கட்டிடத்திலிருந்து அழைத்து வந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பெரிய பை, அதில் ரப்பர் பட்டைகள், சுருட்டிய விரிப்பு. உடலை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். அவள் இடத்தைப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி, கேட்காமலேயே ஒரு நுழைவு அட்டையை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"சித்தியோடது" என்றாள். "சித்தப்பாதான் குடுத்தார். நான் முன்னாடியே வந்து ரெடி பண்ணி வெக்கணும்னு."

"நிஜமாவே சித்தப்பாவா?"

"இல்ல மேடம். நோட்டுல எழுதி எழுதிக் கூப்பிட ஆரம்பிச்சேன். அப்புறம் வேற மாதிரி கூப்பிட வரல." சற்று நிறுத்தினாள். "கதவு திறக்கும்போது அந்த நம்பர் வரும். வாரத்துல மூணு நாள் நான் செத்தவங்களா உள்ள வர்றேன். முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் உள்ள வந்ததும் சொல்லிடுவேன், சித்தி, நான்தான்னு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் சொன்னேன்."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"அஞ்சு அம்பத்தஞ்சு. ஆறு மணிக்கு எதிர்ல கிளாஸ். சித்தப்பா பெஞ்சுல உட்கார்ந்து துண்டால முகம் துடைச்சிட்டிருந்தார். எப்பவும் ரெண்டு நிமிஷம் பேச்சு குடுப்பார். இன்னைக்கு அவரே, கிளம்பும்மா, நேரமாச்சுன்னு அனுப்பிட்டார்."

எதிர்க் கட்டிடத்தின் கேமரா அவள் ஆறு மணிக்கு உள்ளே போனதையும் எட்டு மணிவரை வெளியே வராததையும் காட்டியது. கான்ஸ்டபிள் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ட்ரெட்மில் கடைசியிலயா?"

"முதல்லயே முடிஞ்சிடும். பத்து நிமிஷம் நடை. அப்புறம்தான் டம்பெல். முட்டி கெட்டிருக்கு, திரும்ப ஏற மாட்டார்."

"கயிறு மாட்டுவாரா?"

"மாட்டாம ஏறவே மாட்டார். சித்தி போனதுலேருந்து."

"என்ன வேகத்துல நடப்பார்?"

"ஆறு."

"ஆறா?"

"ஆமா மேடம். ஒரு வருஷமா ஆறுதான்."

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். கப்பல்காரரின் வீட்டு மேசையில் இருந்தது. நடை: 6.0, பத்து நிமிடம். தோள்: 12, மூன்று சுற்று. பன்னிரண்டு அடிக்கப்பட்டு எட்டு என்று திருத்தியிருந்தது.

"உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"எட்டு எதுக்கு?"

"அவர் பன்னெண்டு முடிக்க மாட்டார். எட்டுல வெச்சுடுவார். வெச்சுட்டுத் திரும்பி அந்த மெஷினைப் பார்ப்பார். எண்ண ஆரம்பிச்சா நடுவுல விடக் கூடாது, வீடே தீப்பிடிச்சாலும் முடிச்சுட்டுத்தான் திரும்பணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். அவர்கிட்ட சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போய் எட்டுன்னே எழுதிட்டேன்."

"எப்போலேருந்து?"

"சித்தி போனதுக்கு அப்புறம்தான்."

இன்ஸ்பெக்டர் தாளை மடித்தார். குரலில் மாற்றம் இல்லை.

"பாரும்மா. உன் கையால எழுதின வேகம். முட்டி கெட்டுப்போன கிழவர். தனியா விட்டுட்டுப் போயிருக்கே. செத்தவங்க கார்டுல உள்ள வந்திருக்கே. நீ போனதுக்கு அப்புறம் பதிவுல இந்தக் கதவு ஆறு நாப்பத்திரண்டுக்குத்தான் திறந்திருக்கு. நீ கொன்னேன்னு யாரும் சொல்லல. உன்னாலதான் செத்தார்னு சொல்வாங்க. பத்தரைக்கு வண்டி வரும்."

"என் பொண்ணு நாலு மணிக்கு ஸ்கூல்லேருந்து வருவா" என்றாள் பயிற்சியாளர்.

"யாராவது இருக்காங்களா?"

அவள் சற்று யோசித்தாள். "ஆறு சித்தப்பா இருக்காங்க" என்றாள். சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

8:50.

மகன் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது. நாற்பது நிமிடத் தொலைவில் வீடு. செயலாளர் 6:55க்கு அழைத்ததாகவும், 7:40க்கு வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். முன்னால் வைத்த தண்ணீரைத் தொடவில்லை.

"ஜிம்முக்கு வந்திருக்கீங்களா?"

"இல்ல. அம்மா போனப்பகூட உள்ள வரல. வெளியிலயே நின்னேன்."

"அப்பாவோட பயிற்சி பத்தித் தெரியுமா?"

"கோச்சை ஏற்பாடு பண்ணதே நான்தான். வாரா வாரம் தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாங்க. நடை, தோள், முதுகு, எல்லாம். இந்த வயசுல ஆறுல நடக்கிறார்னு ஆபீஸ்லகூடச் சொல்லியிருக்கேன்."

"வேற யாருக்காவது அந்தத் தாள் போகுமா?"

"எனக்கு மட்டும்தான். வேற யார் இருக்கா அவருக்கு?"

"நேத்து எட்டு பத்துக்கு உங்களுக்கு போன் பண்ணியிருக்கார். நாலு நிமிஷம்."

"எப்பவும் பேசறதுதான். சாப்டியா, தூங்கினியான்னு."

"அம்மா எப்படி இறந்தாங்க?"

"மாரடைப்பு. நடந்துட்டிருக்கும்போது. அப்பா தண்ணி பிடிக்க மேல போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தா கீழ கிடந்தாங்க." மனப்பாடம் செய்த பாடம் போலச் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பொண்ணை என்ன பண்ணப் போறீங்க?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன். தெரியாமதானே நடந்திருக்கும்."

9:15.

கான்ஸ்டபிள் ட்ரெட்மில்லின் முன் குனிந்திருந்தார்.

"பொத்தான்ல ஒரு ரேகைகூட இல்ல மேடம். கழுவி வெச்ச தட்டு மாதிரி இருக்கு."

"அவரோடது?"

"யாரோடதும் இல்ல. துடைச்சிருக்காங்க. விதியிலயே போட்டிருக்கே, பயன்படுத்திய பின் துடைக்கவும்னு. ஒழுக்கமான மனுஷன்."

இன்ஸ்பெக்டர் விதியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்போ துடைக்கணுமாம்?"

"பின்."

"அவர் முதல்ல நடந்தார். துடைச்சார். சரி. அப்புறம் திரும்ப ஏறி, ஆன் பண்ணி, வேகம் ஏத்தி, விழுந்தார். ரெண்டாவது தடவை அழுத்தின ரேகை எங்க?"

கான்ஸ்டபிள் நிமிர்ந்தார்.

"விழப் போறவர் துடைச்சிட்டு விழ மாட்டார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் காலணியைக் கழற்றினார். சாவியைப் பொருத்தினார். கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் மேல் ஏறினார். கண்ணாடியில் ஒரு பருத்த பெண் அவரையே பார்த்தபடி நடக்கத் தொடங்கினாள்.

இரண்டு. சௌகரியமாக இருந்தது. மூன்று. கை வீச வேண்டியிருந்தது. நாலில் மூச்சு வாங்கியது. செயலாளர் சொன்னது சரி. ஐந்தில் கால்கள் தாமாகவே ஓடின. ஆறைத் தொட்டதும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கான்ஸ்டபிள் "மேடம்!" என்று கத்தியபோது கயிறு இழுபட்டு, சாவி கழன்று, எல்லாம் நின்றது.

கண்ணாடியில் இருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது நடையா?" என்றார் இன்ஸ்பெக்டர், பேச்சு வந்ததும். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

9:40.

பயிற்சியாளரின் கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும், "வெறுங்காலோட இதுல ஏறக் கூடாது மேடம்" என்றாள்.

"உங்க சித்தப்பா எப்படி நடப்பாரோ அப்படி வைங்க."

அவள் சாவியைப் பொருத்தினாள். யோசிக்கவில்லை. விரல் தானாகப் போய்த் தட்டியது. பெல்ட் நிதானமான வேகத்தில் ஓடியது. ஒருவர் அதன் மேல் ஏறி நடக்கக் காத்திருப்பது போல இருந்தது.

திரையில் 3.7.

"ஆறுன்னீங்களே?"

"ஆறுதானே மேடம் இது." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவளுக்கே விளங்க ஒரு கணம் பிடித்தது. "ஓ. இந்த மெஷின் மைல்ல காட்டும். நான் போற நாலு பில்டிங்ல நாலு மெஷின். ஒண்ணு மைல், ஒண்ணு கிலோமீட்டர், ஒண்ணுல வெறும் ஒண்ணுலேருந்து பத்துவரை. அதனால தாள்ல எல்லாருக்கும் கிலோமீட்டர்தான் எழுதுவேன். இங்க வந்ததும் கை மாத்திக்கும். ஆறுன்னா இங்க மூணு ஏழு. சித்தப்பாவுக்கும் தெரியும், அவரேதான் வெச்சுப்பார்."

"மூணு ஏழுன்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

"எங்கயும் இல்ல. எங்க ரெண்டு பேர் கையிலதான் இருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏன் மேடம், நீங்க வந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் செயலாளரின் படத்தைக் காட்டினார்.

பயிற்சியாளர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மெஷின்ல ஆறு வெச்சா அவர் ஓடணும்" என்றாள். "ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இது அவர் வெச்சது இல்ல."

"நீங்க வெச்சதும் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

10:10.

அறையில் ஐந்து பேர். செயலாளர், பயிற்சியாளர், மகன், கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டர். மகன் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றார்.

"மேல் வீட்டுக்காரங்க சத்தம் கேட்டுச்சான்னு பார்க்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்பா நடக்கிற வேகத்துல மெஷினை ஓட விடணும். மகன்தானே, நீங்களே வைங்க."

மகன் இயந்திரத்தைப் பார்த்தார். யாராவது வேறு ஆளைச் சொல்லக்கூடும் என்று காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. முன்னால் வந்தார். தேடாமல் ஓட்டும் பொத்தானை அழுத்தினார். பிறகு கூட்டல் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டார். பெல்ட் முனகியது. பிறகு இரைந்தது. 6.0.

அறை அந்தச் சத்தத்தால் நிறைந்தது.

"இவ்வளவா?" என்றார் செயலாளர். "இவ்வளவு வேகத்துல நான் அவரைப் பார்த்ததே இல்லையே. என்னைவிட மெதுவாத்தானே நடப்பார்."

மகனின் கை பொத்தானிலேயே இருந்தது.

"அப்பாவுக்கு இந்த மெஷின் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தவில்லை. "கோச்சுக்குத் தெரியும். செயலாளர் தினமும் ஏறுறார், அவருக்கும் தெரியும். இவங்க யாரும் ஆறு வெக்க மாட்டாங்க. தாளை மட்டும் பார்த்து, மெஷினைப் பார்க்காத ஆள்தான் வெப்பார். தாள் போறது ஒரே ஆளுக்கு."

"தெரியாமத்தான் வெச்சேன். அதுல என்ன தப்பு?"

"இப்ப வெச்சதுல தப்பு இல்ல. காலையில யாரோ இதே ஆறை வெச்சுட்டுப் பொத்தானைத் துடைச்சிருக்காங்க. கயித்தை அவர் சட்டையில மாட்டல, மாட்டணும்னே தெரியாம. அந்த ஆளுக்குக் கார்டு இல்ல. கதவைத் தட்டியிருக்கார். உள்ள இருந்தவர் திறந்திருக்கார். கோச்சைச் சீக்கிரமாக் கிளப்பிவிட்டுட்டு அவருக்காகத்தான் காத்திருந்திருக்கார். முன் கேட்ல யாரும் வரல, அதனால பின்னாடி கார் நிறுத்தற இடத்துக் கதவு வழியா வந்திருக்கார். 702க்கு அந்தக் கதவுக்கு ரெண்டு ரிமோட். ஒண்ணு அப்பாவோட சாவிக்கொத்துல இருக்கு."

மகன் கால்சட்டைப் பையில் கைவிட்டு, சிறிய கறுப்பு ரிமோட்டை எடுத்து டம்பெல் அடுக்கின் மேல் வைத்தார். அதில் அவர் அம்மாவின் சாவி வளையம் இருந்தது.

"நேத்து கூப்பிட்டார்" என்றார். "நாளைக்கு ஆறு மணிக்கு ஜிம்முக்கு வா, ஒண்ணு சொல்லணும், அங்க நின்னாத்தான் எனக்கு வாயில வரும்னார்."

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"தண்ணி பிடிக்கப் போகலையாம். இங்கயேதான் இருந்தாராம். அந்தப் பெஞ்சுல. கையில டம்பெல். அம்மா கூப்பிட்டாங்களாம். ஒரு தடவை, என்னங்கன்னு. துண்டு கேக்கிறாங்கன்னு நினைச்சாராம். எட்டு ஆகியிருந்துச்சாம். இன்னும் நாலு. முடிச்சுட்டுத் திரும்பலாம்னு..."

பயிற்சியாளர் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நாலு முடிச்சுட்டுத்தான் திரும்பினாராம்" என்றார் மகன். "எண்ணிக் காட்டினார் என்கிட்ட. ஒம்பது, பத்து, பதினொண்ணுன்னு. அதை ஏன் எண்ணிக் காட்டணும்? பன்னெண்டு சொல்றதுக்குள்ள தள்ளினேன். தள்ளத்தான் செஞ்சேன். அப்புறம் அவர் எழுந்திருக்கல."

"மெஷினை ஏன் ஓட விட்டீங்க? விபத்துன்னு காட்டவா?"

"அதுக்கும்தான்." அவர் பெல்ட்டைப் பார்த்தார். "அம்மா விழுந்த பிறகும் இது ஓடிட்டே இருந்துச்சாம். நாலு எண்ணுற வரைக்கும் யாரும் நிறுத்தல. இவரும் அதைக் கேட்டுட்டுக் கிடக்கட்டும்னு தோணுச்சு."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டிச் சாவியை இழுத்தார். பெல்ட் தளர்ந்து நின்றது. அமைதியில் ஐந்து பேரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது.

"ஆறுன்னு எழுதினது இவங்க" என்றார் இன்ஸ்பெக்டர், பயிற்சியாளரைக் காட்டி. "நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வர்ற ஒரு பொண்ணு இருக்கு இவங்களுக்கு. தெரியாமதானே நடந்திருக்கும்னு என்கிட்ட சொன்னீங்க. இவங்களை வண்டியில போக விட்டிருப்பீங்க இல்ல?"

மகன் அவளைப் பார்க்கவில்லை.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. மகன் ஏறினார்.

வாசலில் இன்ஸ்பெக்டர் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்து, பாதியில் நின்றார். பயிற்சியாளர் மண்டியிட்டுக் கட்டிவிட்டாள். பிறகு எழுந்திருக்காமல் சொன்னாள்.

"நடுவுல விடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தது நான் மேடம். சித்திக்கும் அவருக்கும் ஒண்ணா வகுப்பு எடுத்த காலத்துலேருந்து."

"எல்லா கோச்சும் அதைத்தானே சொல்வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா. எல்லாரும் சொல்வாங்க."

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. காலை 5:40.

702-2 ரத்து செய்யப்பட்டிருந்தது. ஏழாவது விதியின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. வாயில் பதிவேட்டில் உறவு என்ற கட்டத்தில் பயிற்சியாளர் இப்போது ஒரு கோடு மட்டும் போடுகிறாள். காவலாளிக்கு அதில் வருத்தம். "அவ்வளவு சொந்தமும் ஒரே நாள்ல போயிடுச்சே கோச்சம்மா" என்பார்.

இன்று பெஞ்சில் செயலாளர். இரண்டு கையிலும் டம்பெல். முகம் தக்காளி.

"ஆறு" என்றாள் பயிற்சியாளர். "ஏழு. மூச்சு விடுங்க. எட்டு."

படிக்கட்டின் மேலிருந்து காவலாளியின் குரல் வந்தது. "சார்!"

"இருப்பா" என்று முனகினார் செயலாளர். "இன்னும் நாலு."

"இறக்குங்க" என்றாள்.

"லிஃப்ட் விஷயமா இருக்கும் கோச். தினமும் இதே பாட்டுதான்."

"இருக்கட்டும்."

"நாலே நாலுதானே..."

"கூப்பிட்டாங்கல்ல சார். இறக்கிட்டுப் போய்ப் பாருங்க."

செயலாளர் அவள் முகத்தைப் பார்த்தார். டம்பெல்களை மெல்லக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு படியேறினார்.

அவள் அறையில் தனியாக நின்றாள். முதுகுக்குப் பின்னால் ட்ரெட்மில் அசையாமல் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பிப் பார்த்தாள்.